பேரிங் காத்த சபை

முற்காப்புச் சபையின் படியை மிதிக்காமல் இருந்திருந்தால் ஸஹாப்தீன் இன்றைக்கு ஒரு மாமனாராக இருந்திருப்பார். அவருடைய காரும் மற்றக் கார்களைப் போல நடுத்தெருவில் கெட்டு நின்று, நாலு பேர் திட்டிக்கொண்டே தள்ள, கராஜுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும். ஆனால் மனிதர் சட்டத்துக்குப் பயந்தவர். ஊரில் எத்தனையோ பேர் கள்ளக்கடத்தல் செய்து மாடி வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாண் ரொட்டிக்குக் கியூ, துணிக்குக் கியூ, கியூவில் நிற்பதற்கு இடம் பிடிக்க இன்னொரு கியூ. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று கட்டளை. கார் உதிரிப்பாகமும் வராது. அப்படியானால் கெட்ட காரை எப்படித் திருத்துவது? மேலிடத்தில் யாரோ ஒரு பெரிய மூளை இதற்கு வழி கண்டுபிடித்தது. பாகம் கெட்டால்தானே புதுப் பாகம் வேண்டும், கெடாமலே தடுத்துவிட்டால் போச்சு என்று அந்த மூளை சொன்னது. திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கென்று மோட்டார் இயந்திர முற்காப்புச் சபை பிறந்தது இப்படித்தான்.

வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன பங்களா ஒன்றில் சபை குடியேறியது. தலைவர் ஒருவர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், எழுதுவினைஞர்கள் ஒரு மண்டபம் நிறைய, ஸ்பானர் ஒன்று. ஸ்பானர் தேய்ந்துவிடக்கூடாது என்பதற்காக அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சபையின் அனுமதி இல்லாமல் யாரும் எந்த எஞ்சினையும் திறக்கக்கூடாது, திறந்தால் கார் பறிமுதல் என்று பஸ் நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த நோட்டீசை முழுவதுமாக வாசித்த ஒரே ஆள் ஸஹாப்தீன்தான்.

ஸஹாப்தீன் கல்யாண வீடுகளுக்குக் கதிரை, பாய், பெற்றோல்மாக்ஸ் விளக்கு வாடகைக்குக் கொடுக்கிறவர். அவருடைய கடையின் மகுடம் ஒரு கார். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழில் தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது, ஓர் அதிகாரி தான் ஆசையாக ஓட்டிய சிவப்புக் காரை இவரிடம் விற்றான். கூரைக்குப் பதில் மடிக்கிற துணி, இருக்கை இரண்டுதான், மூக்கு மட்டும் நீளம். பந்தயத்துக்கென்று செய்த இனம். விற்கும்போதே அது பழசு. காரோடு ஒரு தகரப் பேணியையும் அவன் கொடுத்தான். எண்ணெய்த் தாளில் சுற்றிய புதுப் பேரிங்குகள் அதற்குள் இருந்தன. எஞ்சினுக்குள்ளே சுற்றுகிற தண்டும் அதைச் சுற்றவைக்கிற தண்டும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் இடையில் படுத்திருக்கிற மெல்லிய உலோக ஓடுகள் அவை. இந்த இனக் காருக்கு நோஞ்சான் இடம் அதுதான், உள்ளே இருப்பது டொக் டொக் என்று தட்டத் தொடங்குமுன் இந்தக் கெட்டியான ஓடுகளை மாற்றிப் போட்டுவிடு, தட்டத் தொடங்கிவிட்டால் எஞ்சினே போய்விடும் என்று அவன் கையாலும் வாயாலும் விளக்கினான். ஸஹாப்தீன் நன்றாகத் தலையாட்டிவிட்டுப் பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பிறகு அந்தக் காரை அவர் ஓட்டிய விதத்தைக் கண்டிருந்தால் வெள்ளைக்காரன் கப்பலிலிருந்து கடலுக்குள் பாய்ந்திருப்பான். அது மாப்பிள்ளை ஊர்வலக் கார். முன்னால் பக்கீர் பாவாமார் றபான் என்ற கைப்பறையை அடித்துப் பாடிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு முன்னால் பொல்லடிக்காரர் கம்போடு கம்பு தட்டிச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். மடித்துவைத்த கூரைத் துணிக்கு மேல் மாப்பிள்ளை மாலையோடு குந்தியிருக்க, கார் தவழும். சொந்தக்காரர் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நின்று சர்பத் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் கோபம் வரும். கோபம் தீரும்வரை எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு கிடக்கும். ஒயில் கொதித்துத் தண்ணீராகிவிடும், ஒயில் அழுத்தம் காட்டுகிற ஊசி விழுந்து படுத்துவிடும். பறக்கச் செய்த எஞ்சினை நடக்கவைத்தே தேய்த்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போது ஸஹாப்தீனின் ஒரே மகள் ஸல்ஹாவுக்குச் சம்பந்தம் பேசி வந்தது. மூதூர் அரிசி ஆலைக்கார முஹம்மது தம்பி தன் மகன் கலீலுர் றஹ்மானுக்குக் கேட்டு வந்தார். பொடியன் பள்ளிக்கூட வாத்தியார், அமைதியானவன். முஹம்மது தம்பி வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கடைசியில் காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்து ஹோர்னை அமுக்கினார்.

"வீடு பொம்பிளைக்கு. அது ஊர் வழமை, நான் கேக்கத் தேவயில்ல," என்றார். "இந்தக் கார் மாப்பிள்ளைக்கு. சரிதானே, சம்மந்தி?"

"ஓம்," என்றார் ஸஹாப்தீன். சம்மந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

ஸல்ஹா திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டாள். மூக்குக் கொஞ்சம் பெரிசு என்று உம்மாவிடம் குறை சொன்னாள். சொல்லிவிட்டு அன்று முழுவதும் குசினி அடுப்பைச் சுற்றிச் சிரித்துக்கொண்டே திரிந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம் என்று நாள் வைத்தார்கள்.

அடுத்த ஊர்வலத்தில்தான் வினை வந்தது. கார் ஒரு வாசலில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது, றபான் சத்தத்துக்கு நடுவில் எஞ்சினுக்குள்ளிருந்து டொக் என்று ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஸஹாப்தீன் கணக்குப் போட்டார். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் கார் கெட்டுவிட்டால் மூதூர்க்காரர் சும்மா இருப்பார்களா? உன்ட வாப்பா எங்கட தலையில கட்டின ஓட்டைக் கார் என்று வாழ்நாள் முழுக்க ஸல்ஹாவுக்குக் குத்திக் காட்டமாட்டார்களா? பேணியை அலுமாரியிலிருந்து எடுத்தார். கையோடு நோட்டீசும் நினைவுக்கு வந்தது.

"சபையில ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு வாறன்," என்று சட்டையைப் போட்டார்.

சித்தி பரீதா என்ற பேருடைய அவர் மனைவி குசினிக்குள்ளிருந்து வந்தாள். "நம்மட கார். நம்மட பேரிங். கராஜில குடுத்துக் கதவைச் சாத்திப்போட்டு மாத்தச் சொன்னா ஆர் காணப்போறான்? அவனுகளுக்கு என்னத்துக்குச் சொல்லணும்?"

"சட்டம் இரிக்கி, பரீதா."

"சட்டம் இரிக்கட்டும். நீங்க வீட்டில இரிங்க."

அவள் சொன்னதை அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கதையும் இல்லை.

சபைக்குள் அவர் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று தலையைக் குனிந்திருந்தார்கள். தலைவரின் தகப்பன் மௌத்தாகிவிட்டாராக்கும் என்று நினைத்து இவரும் குனிந்தார். பிறகுதான் தெரிந்தது, மாவட்டத்தில் அந்த வாரம் உயிர்விட்ட எஞ்சின்களுக்காகத் தினமும் காலையில் ஒரு நிமிட மௌனம். மௌனம் முடிந்ததும் எல்லோரும் களைப்போடு உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

தலைவர் ஸெய்னுதீன் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். ஸஹாப்தீனின் தெருவிலேயே, மேட்டு முனையில், குடியிருக்கிறவர்தான். ஆனால் கதிரையில் இருக்கும்போது அவர் யாரையும் தெருவில் கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. அவருக்குப் பக்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஞானசேகரம் கழுத்தில் டொக்டர்மார் மாட்டுகிற குழாயை மாட்டிக்கொண்டு நின்றார். ஸஹாப்தீன் தட்டுச் சத்தத்தைச் சொன்னார், ஊசி விழுவதைச் சொன்னார், பேணியைத் திறந்து காட்டினார்.

"காக்கா, இந்தக் கதிரைக்கு வந்த நாளிலயிருந்து நான் ஒரு விஷயத்தை ஆராய்ஞ்சுகொண்டு வாறன்," என்றார் தலைவர், அண்ணனோடு பேசுகிற உரிமையில். "இந்த மாவட்டத்தில கெட்டுப்போன பேரிங் அத்தனையையும் கொண்டுவரச் சொல்லிப் பாத்தன். ஒண்டு தவறாம எல்லாம் எஞ்சினுக்குள்ள போட்ட பேரிங். அலுமாரிக்குள்ள இருந்த பேரிங் கெட்டதாச் சரித்திரமே இல்லை. பேரிங் கெடுறதுக்குக் காரணம் எஞ்சின்தான். இதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரனுக்கு ஏலாமப் போச்சு."

"அதுக்கில்ல ஐயா. பழசு தேய்ஞ்சு போச்சு. புதுசைப் போட்டா..."

"புதுசையும் எஞ்சினுக்குள்ள போட்டுக் கெடுக்கப்போறீங்க. பேணி இனிச் சபையில இருக்கட்டும். வீட்டில இருந்தா அது பதுக்கல். இங்க இருந்தாப் பாதுகாப்பு. காரையும் கொண்டுவந்து விடுங்க."

பதுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் ஸஹாப்தீனுக்கு வேர்த்துவிட்டது. அந்தக் குற்றத்துக்கு அப்போது மறியலில் கம்பி எண்ண வேண்டும். பேணியை மேசையில் வைத்தார், அன்று பின்னேரமே காரையும் கொண்டுவந்து விட்டார்.

ஞானசேகரம் பரிசோதனையைத் தொடங்கினார். எஞ்சின் மூடியில் குழாயை வைத்துக் கண்ணை மூடி நெடுநேரம் கேட்டார். "ஒரு தட்டும் இல்லையே, முதலாளி," என்றார்.

"ஓடவிட்டாத்தான் ஐயா கேக்கும்."

"ஓடவிட்டால் கெட்டுப்போகும். கெடுறதைத் தடுக்கிறதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம். ஓடவிட்டுப் பாக்கிறது கராஜ்காரன்ரை வேலை. நாங்கள் அதுக்கு மேலே." அடுத்ததாக ஒயில் அழுத்த ஊசியைப் பார்த்தார். அதைக் கழற்றி எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். "ஊசி விழுகுது எண்டுதானே முறைப்பாடு. இனி விழாது." பிறகு, சூடானால் ஒயில் இளகிக் கெட்டுப்போகிறது என்று ஒயில் முழுவதையும் வடித்துப் போத்தல்களில் ஊற்றி, இறக்குமதிச் சரக்கு என்று அரக்கு முத்திரை வைத்தார்.

அடுத்த வாரம் போனபோது எல்லோரும் இனிப்புத் தின்றுகொண்டிருந்தார்கள். பேரிங்கைத் தரமுயர்த்தியாயிற்று என்று ஞானசேகரம் அறிவித்தார். புதுசைப் போட்டுவிட்டார்கள் என்று ஸஹாப்தீனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"ஐயோ, தொடவே இல்லை," என்றார் ஞானசேகரம். "உள்ளுக்கு இருக்கிற பேரிங் இவ்வளவு நாளும் மூன்றாந் தரம். நேற்றுச் சபை கூடி அதை முதலாந் தரமாக உயர்த்திச் சுற்றறிக்கை விட்டிட்டுது. முதலாந் தரப் பேரிங்கைப் பாக்கிறதுக்கு மூன்றாந் தர உத்தியோகத்தர் இருக்கேலாது எண்டு என்னையும் உயர்த்தினவை." அவர் ஒரு துண்டு தொதல் எடுத்து ஸஹாப்தீனின் கையில் வைத்தார். ஸஹாப்தீன் அதையும் தின்றார்.

பேணியிலிருந்த புதுப் பேரிங்குகளுக்கு இதைவிடப் பெரிய யோகம். சிவப்பு வில்லூசுத் துணி விரித்த கண்ணாடிப் பெட்டிக்குள் அவற்றை வரிசையாக வைத்து, மேலே மின்விளக்குப் போட்டு, 'ஒருபோதும் கெடாதவை' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு மாலையெல்லாம் போட்டார்கள். பங்களா முற்றத்தில் மேய்ந்த மான் ஒன்று உள்ளே புகுந்து மாலையைத் தின்றுவிட்டது. மான்மீது விசாரணை நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்த்துப் பயன்பெற வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார்.

மூதூரிலிருந்தும் குடாவைக் கடந்து ஒரு லாஞ்சு நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். கூட்டி வந்த வாத்தியார் கலீலுர் றஹ்மான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பேரிங்குகளை எப்படி மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்த விதத்தில் தலைவர் சொக்கிப்போனார். வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல், எதற்கும் "சரி சேர்" என்கிற வாய். தலைவருக்கு லைலா என்று ஒரு மகள் இருந்தாள். வாத்தியாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஊர், தகப்பன், ஆலையில் எத்தனை இயந்திரம் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். ஸஹாப்தீன் வீட்டில் கலியாணம் பேசியாயிற்று என்று கேட்டபோதும் தலைவரின் முகம் சுருங்கவில்லை. பேசி முடித்ததெல்லாம் நடந்து முடிவதில்லை என்று அவருக்கு உத்தியோக அனுபவம் இருந்தது.

பெருநாள் நெருங்கியது. கார் வரவில்லை. முஹம்மது தம்பி பொறுமை கெட்டு வந்து சேர்ந்தார். ஸஹாப்தீன் அவரையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனார். பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தலைவர் இளகுவார் என்று அந்த அப்பாவி நினைத்தார்.

தலைவர் உண்மையாகவே இளகினார். முஹம்மது தம்பிக்குக் கதிரை போட்டார், பிளேன்ரியும் பிஸ்கட்டும் வரவழைத்தார். ஸஹாப்தீனுக்குக் கதிரை போதவில்லை, நின்றார்.

"கார் எப்ப வெளியில வரும்?" என்று கேட்டார் முஹம்மது தம்பி.

"வெளியில வந்தாக் கெட்டுப்போகும், ஹாஜியார். முற்காப்பு எண்டா என்ன? கஷ்டம் வாறதுக்கு முந்தியே விலகிறது. எஞ்சினுக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கும் அதுதான். ஒரு இடத்தில தட்டுச் சத்தம் கேக்குது எண்டு வையுங்க. உள்ளுக்குப் போய் இருந்துகொண்டு ஏன் கேக்கணும்? நான் இந்தக் கதிரையில இருக்கும்வரைக்கும் கார் சபையிட பொறுப்பில இருக்கும். சபை என்ட பொறுப்பில இருக்கு. கார் உங்களிட்ட வராது. ஆனா நீங்க கார் இருக்கிற பக்கம் வரலாம்." தலைவர் பிஸ்கட் தட்டை முஹம்மது தம்பியின் பக்கம் தள்ளினார். "என்ட மகளும் படிச்ச பிள்ளைதான்."

முஹம்மது தம்பி பிஸ்கட் ஒன்றை எடுத்தார். ஸஹாப்தீன் சபையின் மொழி தனக்கு விளங்குவதில்லை என்ற வழக்கமான எண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஜெட்டித் துறையில் லாஞ்சு ஏறும்போது முஹம்மது தம்பி, "வாறன், முதலாளி," என்றார். சம்மந்தி என்ற சொல் எங்கே போயிற்று என்று ஸஹாப்தீன் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தார்.

கிழமை திரும்புவதற்குள் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். கலீலுர் றஹ்மானுக்கும் சபைத் தலைவர் மகள் லைலாவுக்கும் கலியாணம். உங்களோடு ஒரு கோபமும் இல்லை, கார் அங்கேதானே இருக்கிறது என்று முஹம்மது தம்பி சொல்லியனுப்பியிருந்தார்.

சித்தி பரீதா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், சபையில் உள்ள அத்தனை பேரையும் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் ஏசினாள். ஸல்ஹா அழவில்லை. "கார் வேணுமெண்டு வந்தவங்க, கார் இரிக்கிற இடத்துக்குப் போறாங்க. அதில என்ன?" என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள். நெடுநேரமாகியும் தண்ணீர் வரவில்லை. ஸஹாப்தீன் எட்டிப் பார்த்தபோது கயிற்றைப் பிடித்தபடியே நின்று குலுங்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு அந்த நிமிடம் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? காரில் ஏதோ கோளாறாம் என்று தொடங்கினார்கள். கோளாறு காரிலேதானோ யார் கண்டது என்று முடித்தார்கள். கிண்ணியாவிலிருந்து ஓர் இடம் மெல்லத் தலைகாட்டியது. அவர்களும் முதல் கேள்வியாகக் காரைத்தான் கேட்டார்கள். கார் கையில் வந்தால் பிள்ளையைக் கரை சேர்த்துவிடலாம் என்று ஸஹாப்தீன் மறுபடியும் சபைக்கு நடந்தார்.

"நல்ல நேரத்தில வந்தீங்க, காக்கா," என்றார் தலைவர். "வாற வெள்ளிக்கிழமை லைலாட கலியாண ஊர்வலம். சபையிட காரில மாப்பிள்ளை வாறார். நீங்களும் வரணும்."

"நான் வந்து என்ன செய்ற ஐயா? ஒயில் இல்லாம அது ஸ்டார்ட் ஆகாதே."

"ஸ்டார்ட் ஆக்கினாப் பேரிங் தேயும். தள்ளுறதுதான் ஞானசேகரத்திட திட்டம். ஆனா சபை ஆக்கள் அரசாங்க உத்தியோகத்தர், தள்ளேலாது. வேற ஆளைப் பிடிச்சுத் தள்ளிக் காருக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு? காரிட பதிவு உங்கட பேரில. நீங்க தள்ளினா எல்லாம் சட்டப்படி."

ஸஹாப்தீன் தலைவரின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி எதுவும் இல்லை. மனிதர் உண்மையாகவே உதவி செய்கிற முகத்தோடு இருந்தார்.

"தள்ளினாக் காரைத் தருவீங்களா ஐயா? என்ட மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கு."

"விடுவிக்கிறதைப் பத்தி அண்டைக்கே கதைப்பம்."

வீட்டில் சித்தி பரீதா இதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ரோசம் எண்டு ஒண்டு இரிக்கா?" என்று கேட்டாள். ரோசம் இருந்தது. மகளும் இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸஹாப்தீன் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெட்டிக்குப் போனார்.

மூதூர் லாஞ்சிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். சிவப்புக் காரைத் துடைத்துப் பூவால் மூடியிருந்தார்கள். ஸ்டியரிங்கில் ஞானசேகரம், கோட்டும் கழுத்தில் குழாயுமாக. மாப்பிள்ளை ஏறிக் கூரைத் துணிமேல் குந்தினான். கார்ப் பின்புறத்தில் கை வைத்து நின்ற ஸஹாப்தீனின் முகத்துக்கு நேரே அவனுடைய முதுகு இருந்தது. அவன் போட்டிருந்த கோட்டின் துணி, சம்பந்தம் பேசிய புதிதில் கொழும்புக்கு ஆள் அனுப்பி எடுத்து ஸஹாப்தீன் கொடுத்தனுப்பியது. தையல் நன்றாக இருந்தது.

"கவனமாத் தள்ளுங்க, மாமா," என்றான் கலீலுர் றஹ்மான் திரும்பிப் பார்த்து. பழக்கத்தில் வந்த சொல்தான். அவன் கெட்டவன் அல்ல.

றபான் முழங்கியது. ஸஹாப்தீன் தள்ளினார். கடைத்தெருவில் சனம் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. கொஞ்சப் பேர் சிரித்தார்கள், கொஞ்சப் பேர் சிரிக்காமல் பார்த்தார்கள். சிரிக்காதவர்களின் பார்வைதான் அவரை அதிகம் சுட்டது. வாசலுக்கு வாசல் சர்பத் வந்தது, மாப்பிள்ளை குடித்தான், ஞானசேகரமும் குடித்தார். வாசலுக்கு வாசல் ஞானசேகரம் இறங்கி மூடியில் குழாயை வைத்துக் கேட்டு, "ஒரு தட்டும் இல்லை," என்று அறிவித்தார். சபை எழுதுவினைஞர்கள் கை தட்டினார்கள்.

தெரு மேடேறத் தொடங்குகிற இடத்தில் ஸஹாப்தீனின் வீடு. அங்கே வந்தபோது அவருக்கு மூச்சு இழுத்தது. காரைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். வாசலில் சித்தி பரீதா இல்லை. ஸல்ஹா நின்றாள், தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு. மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு மாலையைச் சரிசெய்கிற சாட்டில் குனிந்துகொண்டான்.

மேட்டு முனையிலிருந்து தலைவர் எதிர்கொண்டு இறங்கி வந்தார். ஊரும் சபையும் கூடி நிற்பதைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இண்டைக்கு இந்த மாவட்டத்திட சரித்திரத்தில ஒரு நாள்," என்றார். "ஒரு துளி ஒயில் செலவில்லாம, ஒரு பேரிங் தேயாம ஒரு ஊர்வலம். ஸஹாப்தீன் காக்கா இந்தக் காரை அண்டைக்கே மகளுக்குச் சீதனமாக் குடுத்திருந்தா என்ன நடந்திருக்கும்? கார் கெட்டிருக்கும். பிள்ளை பேச்சு வாங்கியிருக்கும். நாளைக்குப் புருசன் விட்டிட்டும் போயிருப்பான். அவ்வளவு கஷ்டத்தையும் சபை முன்கூட்டியே தடுத்துப்போட்டுது. அந்தப் பிள்ளைக்கு இனி இந்தக் காரால ஒரு குறையும் வராது."

"காரை எப்ப ஐயா விடுவீங்க?" என்றார் ஸஹாப்தீன், தோளை எடுக்காமல். குரல் எழும்பவில்லை, இருந்தாலும் தலைவருக்குக் கேட்டது.

"இவ்வளவு நல்லாத் தள்ளுறீங்க, காக்கா. இனி என்னத்துக்கு விடுறது? அடுத்த மாசம் ஞானசேகரத்திட மச்சினனுக்கும் கலியாணம்."

சபை கை தட்டியது. கிண்ணியா இடமும் போயிற்று என்று ஸஹாப்தீனுக்கு விளங்கியது. கையை எடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் பாயில் படுத்துவிடலாம் என்று நினைத்தார். பிடி தளர்ந்தது. கார் மேட்டிலிருந்து பின்னுக்கு அசைந்து அவர் நெஞ்சில் ஏறியது.

"வாப்பா," என்றாள் ஸல்ஹா வாசலிலிருந்து. அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "கையை விடாதீங்க. விட்டா உங்களுக்கு மேலதான் வரும்."

அவர் விடவில்லை. றபான் மறுபடியும் தொடங்கியது. பாதத்தை மண்ணில் ஊன்றி, மாப்பிள்ளையின் கோட்டில் நெற்றி முட்ட, தலைவர் வீட்டு வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.